ஸ்பீடோமீட்டர் முள் விழுந்தால் கீழ்வரை தேடுங்கள்

கேபிளில் ஓடும் பழைய வகை ஸ்பீடோமீட்டர் நின்றுபோனால், பெரும்பாலான கடைகளில் கேபிளையோ மீட்டரையோ மாற்றிவிட்டுத்தான் மறுபேச்சுப் பேசுகிறார்கள். என் வண்டியில் பழுது இரண்டிலும் இல்லை. அது முன் சக்கரத்தின் டிரம் பிரேக்கை மூடியிருக்கும் தகடான பிரேக் பிளேட்டுக்குள், கையகல இடத்தில் இருந்தது. அதைக் கண்டுபிடித்த வரிசை வேறு சிலருக்கும் பயன்படக்கூடும் என்பதால் இதை எழுதுகிறேன்.

வண்டி பதினைந்து வயதை நெருங்கும் 100 சிசி பைக். முன்னால் டிரம் பிரேக், முள் வைத்த மீட்டர். கொருக்குப்பேட்டையிலிருந்து மணலிக்கு வேலைக்குச் சென்று வருகிறேன். கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஓட்டும் அந்தச் சாலையில் வேகத்தை யாரும் முள்ளைப் பார்த்துக் கணிப்பதில்லை என்பது உண்மைதான். ஆனால் 2023 நவம்பர் முதல் சென்னையில் இரு சக்கர வாகனங்களுக்கு மணிக்கு 50 கிலோமீட்டர், குடியிருப்புப் பகுதிகளில் 30 கிலோமீட்டர் என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். வண்டியில் வேகங்காட்டி இருக்க வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-இன் 117-ஆவது விதியும் சொல்கிறது. பதினைந்து ஆண்டு முடிந்து ஆர்.சி. புதுப்பிக்கப் போகும்போது வண்டியைக் காட்ட வேண்டும் என்பதால், எப்படியும் சரிசெய்தே தீர வேண்டியிருந்தது.

முள் ஒரே நாளில் விழவில்லை. மழைக்காலம் முடிந்தபின் சில வாரங்கள், மெதுவாகப் போகும்போதே 20-க்கும் 40-க்கும் இடையே துடித்துக்கொண்டிருந்தது. பிறகு அவ்வப்போது சுழியத்துக்கு விழுந்து எழுந்தது. கடைசியில் எழவே இல்லை. அதே நேரத்தில் கிலோமீட்டர் எண்களும் நின்றுவிட்டன. கடைசி எண் இரண்டு இலக்கங்களுக்கு நடுவே பாதியில் சிக்கிக் கிடந்தது. முள்ளும் எண்களும் சேர்ந்தே நின்றன என்பதுதான் இதில் முதல் துப்பு.

ஏன் என்று புரிய மீட்டருக்குள் நடப்பதைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். முன் சக்கரம் சுழலும்போது கேபிளின் உள்கம்பி சுழல்கிறது. அது மீட்டருக்குள் ஒரு காந்தத்தைச் சுழற்றுகிறது. காந்தத்தைச் சுற்றி அதைத் தொடாமல் ஓர் அலுமினியக் கிண்ணம் இருக்கிறது. சுழலும் காந்தம் கிண்ணத்தில் சுழல் மின்னோட்டத்தை உண்டாக்கித் தன்னோடு இழுக்க, ஒரு மெல்லிய சுருள்வில் அதைத் தடுக்க, இரண்டும் சமன்படும் இடத்தில் முள் நிற்கிறது. ஜெர்மனியைச் சேர்ந்த ஓட்டோ ஷுல்ட்சே 1902-இல் காப்புரிமை பெற்ற இந்த ஏற்பாடு, நூறு ஆண்டு கடந்தும் நம் வண்டிகளில் அப்படியே ஓடுவதை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்புதான். கிலோமீட்டர் எண்களை நகர்த்தும் சிறு பற்சக்கரங்களும் அதே காந்தத்தின் தண்டிலிருந்தே சுழற்சியைப் பெறுகின்றன. ஆகவே எண்கள் ஓடி முள் மட்டும் நின்றால் கோளாறு கிண்ணத்திலோ சுருள்வில்லிலோ இருக்கும். முள் ஓடி எண்கள் நின்றால் மீட்டருக்குள் இருக்கும் பற்சக்கரம் போயிருக்கும். இரண்டும் ஒன்றாக நின்றால், பெரும்பாலும் சுழற்சியே மேலே வந்து சேரவில்லை என்று பொருள்.

வழியில் ஒரு மெக்கானிக்கிடம் காட்டினேன். வண்டியைத் தொடாமலேயே, "மீட்டர் போயிடுச்சு சார், செட்டா மாத்திடலாம், ஒரு மணி நேர வேலை" என்றார். தொடாமல் சொல்லப்பட்ட தீர்ப்பை ஏற்க மனம் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை நானே பார்த்துக்கொள்வதாகச் சொல்லி, அவருடைய கடை ஓரத்தில் கிடந்த அறுந்த மீட்டர் கேபிளிலிருந்து ஒரு துண்டு உள்கம்பியை மட்டும் கேட்டு வாங்கிவந்தேன்.

அந்தத் துண்டுதான் மீட்டரைச் சோதிக்கும் கருவி. மீட்டருக்கு அடியில் கேபிளைப் பிடித்திருக்கும் வளைய நட்டைக் கழற்றி, துண்டின் சதுர முனையை மீட்டரின் துளையில் செருகி, விரல்களுக்கு நடுவே வேகமாக உருட்ட வேண்டும். ஒரு திசையில் உருட்டினால் முள் அசையாது. அதைப் பார்த்து மீட்டர் போய்விட்டது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. எதிர்த் திசையில் உருட்டியதும் முள் துள்ளி எழுந்து விழுந்தது. துண்டு இறுக்கமில்லாமல் சுழன்றது என்பதும் முக்கியம். மீட்டரின் தண்டு இறுகியிருந்தால் புதுக் கேபிள் போட்டாலும் அதுவும் அறுந்துபோகும். ஒரே வண்டியில் கேபிள் திரும்பத் திரும்ப அறுகிறது என்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

அடுத்தது கேபிள். சென்டர் ஸ்டாண்டு போட்டால் பின் சக்கரம்தான் தூக்கும். முன் சக்கரம் தரையை விட்டு எழ, பின்னால் ஒருவர் அழுத்திப் பிடிக்க வேண்டும். என் மகன் கேரியரை அழுத்திக்கொண்டு நிற்க, நான் சக்கரத்தைக் கையால் சுழற்றினேன். கழற்றிவிட்ட கேபிளின் மேல்முனையில் உள்கம்பி அசையவில்லை. அதை மேலிருந்து உருவியபோது பாதியில் அறுந்து வராமல், கீழ்முனை வரை முழுமையாக வந்தது. முனைகள் தேயவும் இல்லை. ஆக, மீட்டரும் நலம், கேபிளும் நலம்.

இதுவரை அரை மணி நேரம்கூட ஆகவில்லை. அதற்குப் பிறகு பொழுதைத் தின்றது பிரேக் பிளேட்டில் கேபிளின் கீழ்முனையைப் பிடித்திருந்த ஒரே ஒரு ஸ்டார் ஸ்க்ரூ. கடற்காற்றும் மழைநீரும் சேர்ந்து அதைத் துருவோடு ஒட்டிவைத்திருந்தன. வடசென்னையில் வண்டி வைத்திருப்பவர்களுக்கு இது புதிதல்ல. வீம்புக்குத் திருகினால் தலை வழுக்கிவிடும். அப்புறம் துளையிட்டுத்தான் எடுக்க வேண்டும். மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்து, ஸ்க்ரூடிரைவரை வைத்துப் பின்பக்கம் சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டி, சற்று இறுக்கும் திசையில் அசைத்துப் பிறகு தளர்த்தினேன். பொறுத்திருந்ததற்கு அது அசைந்துகொடுத்தது.

கேபிள் வெளியே வந்ததும் அந்தத் துளைக்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன். சக்கரம் சுழன்றது, ஆனால் உள்கம்பியைச் சுழற்றும் சிறு பற்சக்கரமான பினியன் உள்ளே சுழலவில்லை. இனிச் சக்கரத்தைக் கழற்றுவதைத் தவிர வேறு வழியில்லை.

ஆக்ஸிலை உருவி, பிரேக் பிளேட்டைத் தனியே எடுத்தபோது உள்ளே கிரீஸும் சேறும் கலந்து மை போலக் கறுத்த குழம்பு ஒன்று அப்பியிருந்தது. அதைத் துடைத்த பிறகுதான் மீட்டர் கியர் தெரிந்தது. அது ஒரு வளையம்; அதன் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு காதுகள் சக்கரத்தின் நடுப்பகுதியான ஹப்பில் இருக்கும் பள்ளங்களில் உட்கார வேண்டும். ஹப் சுழலும்போது காதுகள் வழியாக வளையமும் சுழன்று, பினியனைச் சுழற்றும். என் வண்டியில் ஒரு காது உடைந்தே போயிருந்தது. மற்றொன்று மடங்கிப் பளபளவென்று தேய்ந்திருந்தது. மழைக்கு முன் ஒரு பஞ்சர் கடையில் முன் டியூபை மாற்றியிருந்தார்கள். காதுகள் பள்ளத்தில் விழாத நிலையில் ஆக்ஸிலை இறுக்கினால் இப்படித்தான் நசுங்கும். சாலையோரத்தில் வேலை பார்ப்பவருக்கு அதைக் கவனிக்க நேரம் ஏது என்பதும் எனக்குத் தெரியும். எஞ்சியிருந்த ஒற்றைக் காது தொட்டும் தொடாமலும் வளையத்தைத் தள்ளிய வாரங்களில்தான் முள் துடித்திருக்கிறது.

பழைய வளையத்தையும் பினியனையும் பையில் போட்டுக்கொண்டு, வண்டி உதிரிபாகக் கடைகள் நிறைந்த ஜி.பி. ரோட்டுக்குப் போனேன். வண்டியின் பெயரைச் சொன்னால் போதும் என்று நினைக்க வேண்டாம். ஒரே பெயரில் டிரம் பிரேக் வண்டிக்கு ஒன்று, டிஸ்க் வண்டிக்கு ஒன்று என்று பாகம் வேறுபடும். பற்களை எண்ணி, பழையதன்மேல் புதியதை வைத்துப் பார்த்தே வாங்கினேன். ஆயில் சீலையும் சேர்த்து வாங்கினேன், ஏனெனில் சேறு உள்ளே வந்த வழி அதுதான். எல்லாம் சேர்ந்து முழு மீட்டர் செட்டின் விலையில் ஒரு சிறு பகுதிதான் ஆனது.

பூட்டும்போது கவனிக்க வேண்டியவை சில. கியருக்கு வைக்கும் கிரீஸ் பிரேக் ஷூவில் பட்டுவிடக் கூடாது. பிளேட்டை ஹப்பில் வைத்து மெல்லத் திருப்பினால், ஓர் இடத்தில் காதுகள் பள்ளத்தில் விழுந்து பிளேட்டு 'டக்' என்று உட்காரும். உட்காராமல் ஆக்ஸிலை இறுக்கக் கூடாது. இன்னொன்று மீட்டரைவிடப் பெரிய விஷயம்: முன் ஃபோர்க்கில் இருக்கும் முண்டு, பிரேக் பிளேட்டின் வாயில் சரியாகப் பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் பிரேக் பிடிக்கும்போது பிளேட்டே சக்கரத்தோடு சுற்ற முற்படும். அதில் ஓட்டுபவர் உயிருக்கே ஆபத்து. உள்கம்பியைத் துடைத்து லேசாக கிரீஸ் தடவினேன். மீட்டர் பக்கம் ஒரு சாண் நீளத்துக்கு மட்டும் தடவவில்லை. அங்கே தடவினால் கிரீஸ் மேலேறி மீட்டருக்குள் போய் முள்ளைக் கெடுக்கும். மேல்முனையை மீட்டரில் மாட்டுவதற்கு முன் சக்கரத்தை ஒருமுறை சுழற்றினேன். உள்கம்பி சுழன்றதைக் கண்ணால் பார்த்த பிறகே வளைய நட்டை முடுக்கினேன்.

டிஜிட்டல் மீட்டர் வைத்த வண்டிகளுக்கு இந்த வழி பொருந்தாது. அவற்றில் சக்கரத்திலோ கியர்பாக்ஸிலோ இருக்கும் சென்சாரிலிருந்து ஒயர் வழியாகத் தகவல் வருகிறது. அங்கே முதலில் பார்க்க வேண்டியவை ஃபியூஸும், ஒயர்களை இணைக்கும் கப்ளரும்.

மறுநாள் காலை, நெரிசல் தொடங்கும் முன், மகன் பின்னால் உட்கார்ந்து கைபேசியில் ஜி.பி.எஸ். வேகத்தைப் படித்துக்கொண்டே வந்தான். முள் 40-இல் நின்றபோது அவன் 37 என்றான். மீட்டர்கள் உண்மை வேகத்தைவிடச் சற்றுக் கூடுதலாகவே காட்டும்படி செய்யப்படுவதால் அந்த வேறுபாட்டைக் குறையாக நான் எடுத்துக்கொள்ளவில்லை. மீட்டர் நின்றிருந்த காலத்தில் ஓடிய தூரம் எண்களில் ஏறவில்லை என்பதால், இன்ஜின் ஆயிலை மட்டும் கணக்குப் பார்க்காமல் அந்த வாரமே மாற்றிவிட்டு, புது எண்ணை சர்வீஸ் நோட்டில் தேதியோடு குறித்துவைத்தேன்.