பழைய வெள்ள மாடலைப் பிரித்து அடுக்கிய அனுபவம்

எங்கள் குழுவின் கைக்கு வந்தது ஃபோர்ட்ரான் 77 என்ற பழைய கம்ப்யூட்டர் மொழியில் எழுதிய ஒரே ஒரு ஃபைல். தென்பெண்ணையும் கெடிலமும் கடலில் சேரும் கடலூர்ப் பகுதியில் வெள்ளம் எப்படிப் பரவும் என்று கணக்கிடுகிற கம்ப்யூட்டர் நிரல், அதாவது கோடு (code). 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் கரையைக் கடந்த பிறகு ஆளாளுக்கு ஒட்டுப் போட்டு வளர்த்தது. ஆழம், வேகம், தரைமட்டம் எல்லாமே காமன் பிளாக்கில், அதாவது யாரும் எடுத்து மாற்றக்கூடிய பொது இடத்தில், கிடந்தன. எந்த சப்ரூட்டின் (கோடின் உட்பகுதி) எதை மாற்றுகிறது என்று பார்த்த மாத்திரத்தில் சொல்ல முடியாது.

"முதல்ல மாட்யூலா, தனித்தனித் துண்டா பிரிச்சிடலாம்" என்றார்கள் பாதிப் பேர். நான் ஒத்துக்கொள்ளவில்லை. பிரித்த பிறகு விடை மாறினால் பழசு சரியா, புதுசு சரியா? பழைய விடையோடு ஒப்பிட்டால் மாறவில்லை என்று மட்டும்தான் தெரியும். அதனால் கோடு இல்லாமலே விடை தெரிந்த கணக்குகளைத் தேடினோம்.

ஒன்று, அணை உடைப்பு. ஜெர்மன் அறிஞர் ரிட்டர் 1892-ல் தந்த தீர்வு. ஒரு சுவருக்குப் பின்னால் 1 மீட்டர் தண்ணீர், முன்னால் காய்ந்த சமதரை. சுவரை எடுத்தால், உராய்வு இல்லை என்று வைத்துக்கொண்டால், வெள்ளத்தின் முனை விநாடிக்கு 6.26 மீட்டர் ஓடும். சுவர் இருந்த இடத்தில் ஆழம் 0.44 மீட்டரில் நிலைக்கும். ஆழம் சரியாக வந்தது. முனை கொஞ்சம் பின்தங்கியது. இந்த வகைக் கோடுகளில் அது சகஜம்.

இன்னொன்று, சும்மா நிற்கிற குளம். காற்று, மழை, வரத்து எதுவும் கிடையாது. நீர்மட்டம் எங்கும் ஒன்றே. கடலூரின் தரைமட்டத்தைக் கொடுத்து ஓட விட்டால் தண்ணீர் அசையவே கூடாது. உப்பனாற்று முகத்துவாரத்தில் தானாக ஓட ஆரம்பித்தது! கோடு தரையைச் செல் என்ற சிறு கட்டங்களாகப் பிரித்துக் கணக்கிடுகிறது. நீரழுத்தத்தை ஒரு சப்ரூட்டின் செல்லின் விளிம்பில் கணக்கிட்டது; தரைச்சரிவை இன்னொன்று செல்லின் நடுவில். இரண்டும் கழிந்து பூஜ்யமாக வேண்டியவை. தரை சட்டென்று இறங்கும் இடங்களில் மிச்சம் நின்று தண்ணீரைத் தள்ளியது.

எங்கே வெட்டக் கூடாது என்று இதில்தான் தெரிந்தது. பலகையில் நாங்கள் போட்டிருந்த படத்தில் தரை ஒரு மாட்யூல், ஓட்டம் ஒரு மாட்யூல், ஆளுக்கொன்று. அப்படியே பிரித்திருந்தால் இந்தக் கோளாறு யார் பொறுப்பிலும் இல்லாமல் நடுவில் தங்கியிருக்கும். இரண்டையும் ஒரே மாட்யூலில், ஒரே விளிம்பில் கணக்கிட வைத்தோம். மழை, மண்ணுக்குள் நீர் ஊடுருவல், ஃபைல் படிப்பது எல்லாம் சண்டையில்லாமல் வெளியே போயின.

ஆவணம் எழுதும்போது எங்களை வதைத்தது கோடில் இருந்த 0.05 என்ற எண். விளக்கமே இல்லாமல் பல இடங்களில் நின்றது. ஆரம்பத்தில் எழுதியவர் ஓய்வுபெற்றுப் புதுச்சேரி லாஸ்பேட்டையில் இருக்கிறார். போய்க் கேட்டோம்.

"அது அளந்ததில்லப்பா. தண்ணி வடியிற செல்லுல ஆழம் பூஜ்யத்துகிட்ட போகும். உந்தத்த அதால வகுத்தா வேகம் எகிறிடும். 5 சென்டிமீட்டருக்குக் கீழ காய்ஞ்ச தரைன்னு வெச்சேன், அவ்ளோதான்."

அதை அப்படியே கமெண்ட்டில் எழுதி, எண்ணுக்கு ஒரு பெயரும் வைத்து ஒரே இடத்தில் போட்டோம். சமன்பாடுகள் எந்தப் பாடநூலிலும் கிடைக்கும். இது அவரிடம் மட்டும்தான் இருந்தது.

கோடு வேகமாக ஓடட்டும் என்று கம்பைலர் ஆப்டிமைசேஷனைக் கூட்டியதும் சில டெஸ்டுகள், அதாவது மேலே சொன்னது போன்ற சோதனைக் கணக்குகள், விழுந்தன. கூட்டுகிற வரிசை மாறினால் தசமத்தின் கடைசி இலக்கங்கள் மாறும். அச்சு அசலாக ஒன்றாக வர வேண்டும் என்பதை விட்டுவிட்டு ஒவ்வொரு டெஸ்டுக்கும் ஒரு வரம்பு வைத்தோம். இப்போது எல்லா டெஸ்டும் தேறாமல் யாருடைய மாற்றமும் கிட்டில் (Git, கோடின் மாற்றங்களைச் சேர்த்துவைக்கும் கருவி) சேராது.

2024 ஃபெஞ்சல் புயல் மழையைக் கொடுத்து ஓட்டிக்கொண்டிருக்கிறோம். வயல், சவுக்குத் தோப்பு, சிமெண்ட் தெரு மூன்றுக்கும் மானிங் உராய்வு எண், அதாவது தரை தண்ணீரை எவ்வளவு தடுக்கும் என்று சொல்லும் எண், ஒன்றாகவே இருக்கிறது. அடுத்த வாக்குவாதம் அதில்தான்.