‘மெஷர் அப்’ படித்த பாடவேளை

எங்கள் ஆங்கில சேருக்குப் பாடப்புத்தகத்தை வரிசையாகப் படிப்பிக்கும் பழக்கம் இல்லை. கரும்பலகையின் நடுவில் ஒரு தொடரை எழுதுவார்; மணி அடிக்கும்வரை அதை விட்டு நகரமாட்டார். அப்படி ஒரு முழுப் பாடவேளையையும் விழுங்கியது ‘மெஷர் அப்’.

எதிர்பார்த்த தரத்துக்கு ஈடுகொடுப்பதுதான் அதன் பொருள். ஆனால் திரைச்சீலை தைக்க ஜன்னலை அளவெடுப்பதும் ‘மெஷர் அப்’தான். சேர் சிரிக்காமல் ஒரு வசனம் எழுதினார்: ‘த டெய்லர் டிட் நொட் மெஷர் அப்.’ பாதிப் பேர் தையற்காரர் அளவெடுக்கவில்லை என்றோம். மற்றவர்கள் ஆளின் வேலைத்தரம் போதாது என்றார்கள். இரண்டும் சரி என்று சொல்லிவிட்டு, வசனத்தின் கடைசியில் ‘டு’ என்று மட்டும் எழுதி, எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அந்த ‘டு’ வந்தால் அளவுநாடாவுக்கு வேலை இல்லை. தரம் பற்றிய பேச்சுதான். அதன் பின்னால் ‘ஸ்டாண்டர்ட்’, ‘எக்ஸ்பெக்டேஷன்ஸ்’ மாதிரி ஒரு பெயர்ச்சொல் வந்தாக வேண்டும். அறையை அளப்பதென்றால் ‘மெஷர் த ரூம் அப்’ என்று நடுவில் பிரிக்கலாம். தரத்துக்கு வரும்போது பிரிக்க முடியாது. இன்னொன்றும் சொன்னார்: இது பெரும்பாலும் ‘இல்லை’யோடு அல்லது கேள்வியாகத்தான் வரும். பாராட்டுவதற்கு ஆங்கிலத்தில் வேறு சொற்கள் தாராளமாக இருக்கின்றன.

அப்புறம் குத்துச்சண்டைக்குத் தாவினார். (பாடம் எங்கே போகிறது என்று அவருக்கே தெரியாது என்பது எங்கள் சந்தேகம்.) ‘கம் அப் டு ஸ்க்ராட்ச்’ என்பதும் இதே குடும்பம். ஸ்க்ராட்ச் என்பது களத்தின் நடுவில் கீறிய கோடு. 1838ஆம் ஆண்டின் லண்டன் விதிகளின்படி, விழுந்தவருக்கு 30 விநாடி ஓய்வு; அடுத்த 8 விநாடிக்குள் யாரும் தாங்கிப் பிடிக்காமல் தானாகக் கோட்டுக்கு வந்துவிட வேண்டும். வராவிட்டால் தோல்வி. அங்கே அளவுகோல் எல்லாருடைய கண்ணுக்கும் தெரிந்தது.

வெளிநாட்டு அலுவலகங்களில் அந்தக் கோடு தெரிவதில்லை. வருட இறுதி மதிப்பீட்டில் ‘டிட் நொட் மெஷர் அப்’ என்று எழுதி முற்றுப்புள்ளி வைத்துவிடுவார்கள். நான் உடனே ‘டு வட்?’, அதாவது எந்தத் தரத்துக்கு, என்று கேட்பேன். மரியாதையாகக் கேட்டால் யாரும் கோபிப்பதில்லை. சிலர் இலக்குப் பட்டியலை எடுத்துக் காட்டுவார்கள். அதோடு பேச்சு உருப்படியாகிவிடும். சிலருக்கோ, அப்படி ஒரு பட்டியலைத் தாங்கள் எழுதவே இல்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வரும்.