வாங்கும் முன் ஓடிப் பார்ப்பது: ஷூ நாட்குறிப்பு

பிப்ரவரி 3, மாலை

முதல் வேலை பாதத்தை அளப்பது. காலையில் அளப்பது வீண். நாள் முழுக்க நின்று நடந்த பாதம் மாலையில் கொஞ்சம் வீங்கியிருக்கும். ஓடும்போதும் அப்படித்தான் வீங்கும். சுவரோடு ஒரு தாளை ஒட்டி வைத்து, குதிகால் சுவரில் படும்படி எழுந்து நின்று, மிக நீண்ட விரலின் நுனியில் ஒரு கோடு. உட்கார்ந்து அளந்தால் பாதத்தில் எடை இறங்காது, அளவு குறைந்துவிடும். நீண்ட விரல் கட்டைவிரலாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை, பலருக்கு இரண்டாவது விரல்தான் முந்தி நிற்கும். இரண்டு பாதமும் ஒரே நீளம் இருப்பதும் அபூர்வம். பெரிய பாதத்தின் அளவையே எடுத்துக்கொள்ள வேண்டும்.

கோட்டுக்கு அப்பால் 10 முதல் 12 மி.மீ. இடம் வேண்டும். கைக் கட்டைவிரல் நகத்தின் அகலம் என்று வைத்துக்கொள்ளலாம்.

பிப்ரவரி 4

அளவு எண்களில் ஒரு கணக்கு இருக்கிறது. யூகே அளவில் ஒரு எண் கூடினால் நீளம் 8.5 மி.மீ. அளவுக்குக் கூடும், அரை எண்ணுக்கு 4.2. ஐரோப்பிய அளவில் ஒரு எண்ணுக்கு 6.67 மி.மீ. இரண்டு அளவுகோல்களின் படிகளும் வேறு வேறு என்பதால் மாற்று அட்டவணைகள் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை. போதாக்குறைக்கு, ஒவ்வொரு நிறுவனமும் ஷூவைத் தைக்கப் பயன்படுத்தும் அச்சு வேறு. பழைய ஷூவின் எண்ணைச் சொல்லி வேறு நிறுவனத்தின் ஷூவைக் காலில் போடாமலே வாங்குவது சூதாட்டம்.

பிப்ரவரி 6

அகலம். ஷூ இறுக்கினால் பெரும்பாலோர் அரை எண் கூட்டிக் கேட்கிறார்கள். இதுதான் அதிகம் நடக்கும் தவறு. நீளம் கூடும்போது ஷூ மடங்கும் இடமும் முன்னால் நகர்ந்துவிடும். விரல்களின் அடிமூட்டு ஓரிடத்தில் மடங்க, ஷூ வேறிடத்தில் மடங்கும். பின்னால் குதிகால் நழுவி, தோல் உரசிக் கொப்புளம் வரும். கேட்க வேண்டியது அகல அளவு: ஆண்களுக்கு டி சாதாரணம், 2இ அகலம், 4இ இன்னும் அகலம். பெண்களுக்கு பி சாதாரணம், டி அகலம்.

கடையில் செய்யக்கூடிய எளிய சோதனை: உள்ளே இருக்கும் இன்சோலை உருவித் தரையில் போட்டு, அதன்மேல் எழுந்து நிற்பது. சுண்டுவிரல் பக்கம் சதை விளிம்பைத் தாண்டி வழிந்தால் அந்த ஷூ வேண்டாம். போகப் போகத் தளர்ந்துவிடும் என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம். மேல்துணி கொஞ்சம் நெகிழலாம், அடிப்பாகம் அகலாது.

பிப்ரவரி 8

காலில் போடும் முன் கைக்கு வேலை. ஜோடியை மேசைமேல் வைத்துப் பின்பக்கமிருந்து கண்மட்டத்தில் பார்க்க வேண்டும். குதிகால் பகுதி ஒரு பக்கம் சாய்ந்து ஒட்டியிருந்தால் அது தயாரிப்புக் கோளாறு. வேறு ஜோடி கேட்கலாம். அடுத்து உள்ளே கைவிட்டு, விரல் நுனியால் தையல் ஓரத்தை முழுக்கத் தடவிப் பார்ப்பது. காய்ந்த பசைத் துணுக்கு, மடிந்த தையல், லேஸுக்கு அடியில் இருக்கும் நாக்கின் ஓரத்தில் துருத்தும் முனை என்று எது விரலில் தட்டுப்பட்டாலும், பத்தாவது கிலோமீட்டரில் அது புண்ணாகும்.

லேஸ் கட்டியபின் துளை வரிசை இரண்டையும் பாருங்கள். ஏறக்குறைய இணையாக ஓட வேண்டும். இரண்டும் முட்டிக்கொண்டால் ஷூ தொளதொள; நடுவில் அகன்று விரிந்தால் பாதத்தின் மேல்பகுதிக்கு இடம் போதவில்லை.

பிப்ரவரி 9

இடது காலில் ஒரு மாடல், வலது காலில் இன்னொன்று. சில நிமிடம் ஓடியபின் மாற்றிப் போட்டு மறுபடி ஓட்டம். ஒப்பிட இதைவிட நல்ல வழி எங்களுக்குத் தெரியவில்லை. பழைய ஷூவோடு ஒப்பிட்டால் தேய்ந்து நசுங்கிய நுரைக்கு எதிரில் எந்தப் புதுசும் மெத்தென்றுதான் இருக்கும். சாக்ஸ் மட்டும் வழக்கமாக ஓடும் சாக்ஸாக இருக்கட்டும்.

பிப்ரவரி 11

சோதனை ஜோடி தந்து வெளியே ஓட விடும் கடை கிடைத்தால் விடக்கூடாது. கடைக் கம்பளம் எல்லா ஷூவையும் நல்ல ஷூவாகக் காட்டும். டிரெட்மில்லின் பட்டையும் கொஞ்சம் அமுங்கிக் கொடுக்கும். அதில் வளைவும் கிடையாது.

குறைந்தது 20 நிமிடம், பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகத்தில். பாதையில் இவை இருக்கட்டும்: கான்கிரீட் நடைபாதை, தார்ச்சாலை, ஒரு மேம்பால இறக்கம், படிக்கட்டு, திடீரென்று திரும்பும் தெருமுனை. இறக்கத்தில் விரல் நுனி ஷூவின் முன்சுவரில் ஒருமுறை இடித்தாலும் நகம் கறுப்பதற்கு அது ஆரம்பம். தெருமுனையில் வேகம் குறைக்காமல் திரும்பும்போது பாதம் உள்ளே பக்கவாட்டில் வழுக்குகிறதா என்று பார்க்க வேண்டும். சிக்னலில் நின்று நின்று கிளம்புவதும் நல்ல சோதனைதான். குதிகால் நழுவுவது கிளம்பும் முதல் சில அடிகளில்தான் நன்றாகத் தெரியும்.

அப்படி நழுவினால் உடனே நிராகரிக்க வேண்டாம். மேல் துளைக்குச் சற்றுப் பின்னால் தனியாக ஒரு துளை இருக்கும், பலர் அதைக் கண்டுகொள்வதே இல்லை. லேஸை வெளியிலிருந்து அதற்குள் நுழைத்து, அதே பக்கத்தில் சின்ன வளையம் விட வேண்டும். எதிர்ப்பக்க லேஸை அந்த வளையத்துக்குள் கோத்துக் கீழ்நோக்கி இழுத்து முடிச்சுப் போட்டால் குதிகால் பிடித்துக்கொள்ளும். அப்போதும் நழுவினால் அது அந்தப் பாதத்துக்கான ஷூ இல்லை.

பிப்ரவரி 12, காலை

நேற்றைய ஓட்டத்தின் தீர்ப்பு இன்று படுக்கையை விட்டு இறங்கும் முதல் அடிகளில். குதிகால் பக்கத்து உயரத்துக்கும் முன்பாதத்து உயரத்துக்கும் உள்ள வித்தியாசத்தை டிராப் என்பார்கள். 10 மி.மீ. டிராப்பில் பழகிய கால் 4 மி.மீ.க்கு இறங்கினால் கெண்டைக்காலும் குதிகால் தசைநாணும் கூடுதலாக உழைக்கும். ஓடும்போது ஒன்றும் தெரியாது, மறுநாள் இறுக்கம் வரும். வந்தால் அந்த ஷூவை ஒதுக்க வேண்டியதில்லை. வாரத்தில் ஒரு குறுகிய ஓட்டத்துக்கு மட்டும் போட்டுப் பழக வேண்டும்.

பிப்ரவரி 14

மழை. ஈரத்தில் பெயின்ட் அடித்த கடவுக்கோடும் இரும்பு மூடிகளும்தான் வழுக்கும். நுரை அப்படியே தரையைத் தொடும் அடிப்பாகத்தைவிட ரப்பர் ஒட்டியது பிடிப்பிலும் உழைப்பிலும் மேல்.

பிப்ரவரி 16

மிக உயர்ந்த அடிப்பாகம் பற்றி. சாலைப் பந்தய ஷூவுக்கு உலகத் தடகள அமைப்பான வேர்ல்ட் அத்லெடிக்ஸ் வைத்த வரம்பு 40 மி.மீ. அந்த உயரத்தில், அடிப்பாகத்துக்குள் கார்பன் தகடும் சேர்ந்தால், நேர்ச்சாலையில் வேகமாகப் போக அருமை. உடைந்த நடைபாதையில் மெதுவாக ஓடக் கணுக்கால் தள்ளாடும். தினசரி ஓட்டத்துக்கு நாங்கள் அதைச் சொல்ல மாட்டோம்.

பாதத்தின் உள்வளைவைப் பார்த்து ஷூ பரிந்துரைப்பதையும் அப்படியே ஏற்க வேண்டியதில்லை. அமெரிக்கத் தரைப்படை, விமானப்படை, மரைன் பயிற்சி வீரர்களிடம் இதைச் சோதித்தார்கள். 2009, 2010இல் முடிவுகள் வந்தன. பாத வடிவம் பார்த்துக் கொடுத்த ஷூவால் காயங்கள் குறிப்பிடும்படி குறையவில்லை. காலுக்கு எது இதமோ அதை எடுப்பதே மேல் என்று 2015இல் உடல் இயக்க ஆய்வாளர் பென்னோ நிக் குழுவினர் எழுதினார்கள். எங்கள் கருத்தும் அதுதான். ஆனால் இதம் என்பது 20 நிமிடம் ஓடியபின் தெரியும் இதம், காலில் போட்டதும் தெரிவதல்ல.

பிப்ரவரி 18

வாங்கியாயிற்று. முதல் இரண்டு நாள் வீட்டுக்குள் மட்டும். விலைச்சீட்டைக் கிழிக்காமல், பெட்டியை எறியாமல், அடிப்பாகம் அழுக்காகாமல் இருந்தால்தான் மாற்றித் தருவார்கள். இரண்டு ஷூவின் நாக்குக்கு உள்பக்கமும் மையால் தேதி எழுதியாயிற்று. 500 கிலோமீட்டர் ஆனதும் மறுபடி மேசைமேல் வைத்து, குதிகால் பகுதி சாய்ந்துவிட்டதா என்று பின்பக்கமிருந்து பார்க்க வேண்டும்.