இரண்டு மேன்ஹோலையும் திறந்து பார்க்காமல் தரையில் கை வைக்காதீர்கள்

கீழ்மாடிக் கழிவறையில் ஃபிளஷ் அழுத்தினால் குளியலறைத் தரைத்துளை 'குளக் குளக்' என்றது. வாஷிங் மெஷின் தண்ணீரைத் தள்ளியபோது அதே துளை வழியாகக் கறுப்புத் தண்ணீர் ஏறி வந்தது. மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம், பால்மர (ரப்பர்) தோட்டத்தை அழித்துக் கட்டிய தாமானில், அதாவது குடியிருப்பில், எங்கள் வரிசை வீடு. ஒரே ஒரு சிங்க் மட்டும் மெதுவாக இறங்கினால் கோளாறு அந்தக் கிளைக் குழாயில் இருக்கும். வீட்டிலேயே ஆகத் தாழ்வான துளையில் மற்ற இடத்துத் தண்ணீர் ஏறினால் பிரதானக் குழாய்தான் அடைத்திருக்கிறது. மழை நாளில் மட்டும் ஏறினால் அது வேறு வியாதி. லோங்காங்குக்கு, அதாவது மழைநீர்க் கால்வாய்க்கு, போகவேண்டிய கூரைத் தண்ணீரை யாரோ கழிவுக் குழாயில் இணைத்துவிட்டிருப்பார்கள்.

இதைப் பார்த்ததும் குளியலறை டைல்ஸை உடைக்க ஆள் கூப்பிடுவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. முதலில் திறக்கவேண்டியது வீட்டுப் பின்னாலும் பின்சந்திலும் இருக்கும் மேன்ஹோல் மூடிகளை. விளிம்பைச் சுற்றி இறுகிய மண்ணைச் சுரண்டிவிட்டு, இரண்டு கொக்கி போட்டு இருவர் தூக்கவேண்டும். தூக்கியதும் ஐந்து நிமிடம் தள்ளி நில்லுங்கள். உள்ளே இறங்கவே கூடாது. தலையை நீட்டுவதும் வேண்டாம். ஹைட்ரஜன் சல்பைடு அதிகமானால் மூக்கு மரத்துப்போய் வாடையே தெரியாது. வாடை நின்றுவிட்டதென்று நம்பி இறங்குவதில்தான் உயிர் போகிறது.

எங்கள் வீட்டில் சமையலறைக்குப் பின்னால் இருந்த மேன்ஹோல் விளிம்புவரை நிரம்பியிருந்தது. பின்சந்தில் இருந்ததோ காய்ந்து கிடந்தது. அப்படியானால் அடைப்பு இந்த இரண்டுக்கும் நடுவில்தான், அது நம் செலவு. இரண்டும் நிரம்பியிருந்தால் பொதுக் குழாயில் அடைப்பு. பொதுக் கழிவுக் குழாய்களைப் பராமரிக்கும் இண்டா வாட்டர் நிறுவனத்துக்குத் தகவல் சொல்லிவிட்டுக் காத்திருக்கலாம். இரண்டும் காலியாக இருந்தால் கோளாறு வீட்டுக்குள்ளேயே. பலருக்குத் தெரியாத ஒன்று: வேலிக்கு வெளியே போகும் துண்டாக இருந்தாலும், பொது மேன்ஹோலைச் சேரும்வரை அந்த இணைப்புக் குழாய் வீட்டுக்காரர் பொறுப்பு. ஆனால் பின்சந்தைத் தோண்ட ஊராட்சியின் அனுமதி வாங்கவேண்டும். செப்டிக் டேங்க் வீடாக இருந்தால் குழாயைத் தொடுவதற்கு முன் டேங்க்கைப் பாருங்கள். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கசடு எடுக்காமல் விட்டாலும் இதே அறிகுறிதான்.

அடைப்புக் குத்தும் கம்பியைக் காய்ந்த பக்கத்திலிருந்து, அதாவது பின்சந்திலிருந்து மேல்நோக்கி விட்டோம். ஒரு மீட்டர் நீளக் கம்பிகள், ஒன்றோடொன்று மரை போட்டு இணைப்பவை. திருகினால் வலப்பக்கம் மட்டும். ஒரே ஒரு தடவை இடப்பக்கம் திருப்பினாலும் மரை கழன்று பாதிக் கம்பி குழாயிலேயே தங்கிவிடும், பிறகு அதை எடுக்கவே தோண்டவேண்டும். எத்தனை கம்பி போனது என்று எண்ணிக்கொண்டே வரவேண்டும். நான்காவது பாதி நுழைந்ததும் முட்டியது. குத்தித் திருகியதும் அடைபட்ட தண்ணீர் முழுவதும் ஒரே பாய்ச்சலில் வந்தது. குழாய் வாய்க்கு நேரே நிற்காமல் பக்கவாட்டில் நின்றதால் தப்பித்தோம்.

தண்ணீர் இறங்கிவிட்டதே என்று பலர் இங்கே நிறுத்திவிடுகிறார்கள். கம்பி முனையில் என்ன சிக்கியிருக்கிறது என்று பார்க்கவேண்டும். கொழுப்புக் கட்டியானால் கழுவினால் போதும். எங்களுக்கு வந்தது தலைமுடிபோல் மெல்லிய வேர்க்கொத்து, அதற்குள் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு மண்குழாய்ச் சில்லு. வேர் மட்டுமென்றால் வெட்டிவிட்டு ஒத்திப்போடலாம். சில்லு வந்தால் குழாய் உடைந்துவிட்டது. அந்த நிலையில் ஜெட் (அழுத்தத்தில் பீய்ச்சும் தண்ணீர்) அடித்தால் உடைசல் வழியாக மண் அரித்து அடியில் குழி விழும். காஸ்டிக் சோடா ஊற்றுவதும் வீண். வேர் போகாது, அடுத்துக் கம்பி விடுகிறவர் முகத்தில்தான் தெறிக்கும்.

நன்றாகக் கழுவிய பிறகுதான் குழாய்க்குள் கேமரா. அழுக்குத் தண்ணீரில் விட்டால் வெறும் பழுப்புத் திரைக்குக் காசு கொடுப்பீர்கள். பின்சந்து மேன்ஹோலிலிருந்து 3.6 மீட்டரில், பின்சுவருக்கு உள்ளே ஒரு முழத்தில், இணைப்பு விலகி அடிப்பக்கம் நொறுங்கியிருந்தது. அந்தக் கால மண்குழாய்களைச் சிமெண்ட் பூசி இணைத்திருக்கிறார்கள். மண் அமர்ந்தால் சிமெண்ட் வளையாது, வெடிக்கும். வெடிப்பில் கசியும் ஈரத்தைத் தேடி வேர் வரும். நேர் மேலே கறிவேப்பிலை.

ஆழம் 80 சென்டிமீட்டர்தான். 1.2 மீட்டரைத் தாண்டினால் பலகை முட்டுக் கொடுக்காமல் குழியில் ஆள் இறங்கக்கூடாது. நல்ல குழாய் தெரியும்வரை இருபக்கமும் தோண்டி, குழாய்க்கு அடியிலும் ஒரு சாண் மண் எடுத்தோம், கிரைண்டர் சுற்றிவர இடம் வேண்டுமே. டைமண்ட் பிளேடு போட்டு வெட்டவேண்டும். சுத்தியலால் தட்டினால் அடுத்த குழாயும் கீறிக்கொள்ளும்.

ஹார்ட்வேர் கடையில் 'நாலு இஞ்சு' என்று மட்டும் கேட்டால் தவறான கப்ளிங் (குழாய்களை இணைக்கும் துண்டு) கொடுப்பார்கள். மண்குழாயின் சுவர் தடிப்பானது. வெளிச்சுற்றை டேப்பால் அளந்து 3.14-ஆல் வகுத்தோம்: 41 சென்டிமீட்டர் சுற்று, விட்டம் சுமார் 130 மில்லிமீட்டர். புதிய பிவிசி குழாய்க்கு 110. ஆகவே இரு முனையும் வெவ்வேறு அளவில் இருக்கும் ரப்பர் கப்ளிங் இரண்டு, எவர்சில்வர் கிளிப்போடு. இரண்டு முனையிலும் பிவிசித் துண்டு மாட்டி, நடுவில் உள்தடுப்பு இல்லாத சறுக்கு கப்ளிங்கால் சேர்த்தோம். தடுப்புள்ளதை வாங்கினால் குழிக்குள் குழாயை நுழைக்க வழியே இருக்காது.

சரிவு 40-க்கு 1, அதாவது மீட்டருக்கு 25 மில்லிமீட்டர். ஒரு மீட்டர் ரசமட்டத்தின் கீழ்முனை அடியில் 25 மில்லிமீட்டர் கட்டை வைத்து, குமிழி நடுவில் நிற்கிறதா என்று பார்த்தால் போதும். அடியில் 10 சென்டிமீட்டர் சிறு சல்லி. செங்கல் துண்டு முட்டுக் கொடுக்காதீர்கள். அது நிற்கும் இடத்தில்தான் குழாய் அடுத்து உடையும்.

மூடுவதற்கு முன் கீழ்முனையை அடைத்து, மேல் மேன்ஹோலில் தண்ணீர் நிரப்பிக் கோடு போட்டு அரை மணி நேரம் பார்த்தோம். இறங்கவில்லை. பின்னேரம் இடி இடிக்கிற மாதத்தில் குழியைத் திறந்தபடி விடுவது ஆபத்து: மழைநீர் நிரம்பினால் காலிக் குழாய் மிதந்து சரிவைக் கெடுத்துவிடும். சோதனை முடிந்ததும் சல்லியால் மூடி, அதற்குமேல் 15 சென்டிமீட்டர் அடுக்குகளாக மண் போட்டுக் கையால் இடித்தோம். குழாய்க்கு மேல் 30 சென்டிமீட்டர் ஏறும்வரை மண் இடிக்கும் மெஷின் வைக்கவில்லை.

கறிவேப்பிலையைக் கிளைக்கன்றுகளோடு பிடுங்கி, ஒன்றை மட்டும் தொட்டிக்கு மாற்றினோம். பின்சுவரில் பெயிண்டால் எழுதிவைத்திருக்கிறோம்: சந்து மேன்ஹோலிலிருந்து 3.6 மீட்டர், ஆழம் 80.