காத்து எந்தப் பக்கமிருந்து வருது?

கடலூரில் பிறந்து வளர்ந்தவளுக்குப் புயலைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை என்ற மிதப்போடுதான் 2022 ஆகஸ்டில் ஃப்ளோரிடா வந்து இறங்கினேன். துறைமுகத்தில் ஒன்றாம் எண் கூண்டு ஏற்றினால் எங்கள் தெருவில் காக்கா கூடத் திரும்பிப் பார்க்காது. மூன்று என்றால் அம்மா மொட்டைமாடி வடாமை உள்ளே எடுத்து வைப்பாள். அதற்கும் மேலே போனால்தான் அரிசி, மெழுகுவத்தி, குடத்தில் தண்ணீர். 2011 டிசம்பர் 30 விடியலில் ‘தானே’ புயல் அடித்து ஓய்ந்தபோது பண்ருட்டிப் பக்கத்துப் பலா மரங்கள் வேரோடு கிடந்ததைப் பார்த்தவள் நான். எங்கள் வீட்டுக்குக் கரண்ட் வருவதற்குள் பொங்கல் முடிந்துவிட்டது.

நாங்கள் குடியேறியது செயின்ட் பீட்டர்ஸ்பர்கில். ஒரு பக்கம் மெக்சிகோ வளைகுடா, மறுபக்கம் டாம்பா விரிகுடா, நடுவில் நாக்கை நீட்டியது போல நிலம். வாடகைக்கு வீடு எடுத்த அன்று சாவியைக் கொடுத்த பெண், “நீங்கள் பி மண்டலம்” என்றாள். வண்டி நிறுத்தும் இடம் போலிருக்கிறது என்று தலையாட்டிவிட்டு வந்தேன். கடல் ஏறினால் எந்த வரிசையில் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்பதற்கான எழுத்து அது என்று ஒன்றரை மாதம் கழித்து இயன் புயல் வந்தபோதுதான் தெரிந்தது. எங்களை நோக்கி வருவதாகச் சொன்ன இயன், தெற்கே திரும்பி செப்டம்பர் 28 அன்று கேயோ கோஸ்டா தீவில் ஏறியது. மறு வருஷம் இடாலியா. அதுவும் வடக்கே போய்விட்டது. இரண்டு முறை தப்பியதும் எனக்குள் கடலூர்த் திமிர் திரும்பி வந்தது.

பக்கத்து வீட்டில் ஒரு பெரியவர். விமானப்படையில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர், எண்பதை நெருங்குகிறார். எல்லோரும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். எனக்கு இன்றுவரை வாய் வரவில்லை. வீட்டுக்குள் அவர் ‘தாத்தா’தான். இடாலியா சமயத்தில் நான் தொலைக்காட்சியையே பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்டு, “அவன் சொல்வதற்கு முன்பே விமானம் சொல்லிவிடும்” என்று தன் கைப்பேசியைக் காட்டினார். எழுத்தும் எண்ணுமாக, தந்தி போல ஒரு பக்கம். புயலின் கண் எந்த அட்சரேகையில் இருக்கிறது, நடுவில் காற்றழுத்தம் எவ்வளவு, கண்ணின் விட்டம் எவ்வளவு, எங்கே காற்று அதிகம் என்று வரிசையாக இருந்தது. புயலுக்குள் போன விமானத்திலிருந்து வந்த செய்தி அது. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

அன்றிரவு அம்மாவிடம் சொன்னேன்.

“ஏண்டி, புயல் வருதுன்னா ஏரோப்ளேன் எல்லாம் நிறுத்திடுவாங்களே. இவனுங்க உள்ளயே போறானுங்களா? வேற வேல இல்லியா?”

வேலையே அதுதான். மிசிசிப்பியின் பிலாக்சியில் விமானப்படையின் ஒரு பிரிவு சி-130 விமானங்களோடு இருக்கிறது. எங்கள் வீட்டிலிருந்து ஒன்றரை மணி நேரத்தில் போகக்கூடிய லேக்லாந்தில் நோவா என்ற கடல், வளிமண்டல ஆய்வு நிறுவனத்தின் விமானங்கள். அதில் இரண்டு பி-3 ஒரையன்கள், 1970களில் செய்தவை, நான்கு விசிறி எஞ்சின். மப்பெட் பொம்மைகளின் பெயரில் ஒன்று கெர்மிட், இன்னொன்று மிஸ் பிக்கி. மூன்றாவதாக கான்சோ என்ற ஜெட். அது புயலுக்குள் நுழையாமல் 40,000 அடிக்கு மேலே சுற்றி வந்து, புயலைத் தள்ளிக்கொண்டு போகும் காற்றை அளக்கும். புயல் எந்த ஊர்ப் பக்கம் திரும்பும் என்பது பெரும்பாலும் அந்தக் காற்றில்தான் இருக்கிறது.

2024 ஏப்ரலில் லேக்லாந்து விமானக் கண்காட்சிக்குப் பையனைக் கூட்டிப்போனோம். பி-3இன் வயிற்றோரம் இதுவரை நுழைந்து வந்த புயல்களின் பெயர்கள் வரிசையாக ஒட்டியிருந்தன. அவன் எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டே போனான். அங்கிருந்தவர் ஒருவர் என் கையில் ஓர் அட்டைக் குழாயைக் கொடுத்தார். சப்பாத்திக் கட்டை நீளம், அரைக் கிலோ கூட வராது. டிராப்சோண்ட் என்று பெயர். தலைமாட்டில் சின்ன பாராசூட், உள்ளே ஜிபிஎஸ், அழுத்தமும் வெப்பமும் ஈரப்பதமும் அறியும் உணரிகள். விமானத்தின் தரையிலுள்ள குழாய் வழியே இதைப் போட்டுவிட்டால், கடலில் விழும்வரை ஒரு நொடிக்கு இரண்டு முறையாவது அளந்து அளந்து மேலே சொல்லிக்கொண்டே போகும். நீரைத் தொட்டதும் அதன் கதை முடிந்தது. ஒன்றையும் திரும்ப எடுப்பதில்லை. இவ்வளவு நேர்த்தியாகச் செய்து தண்ணீரில் போடுகிறார்களே என்று என் கடலூர்க் கை அந்தக் குழாயைத் திருப்பிக் கொடுக்கத் தயங்கியது.

செயற்கைக்கோள் இருக்கும்போது இது எதற்கு என்று நானும் கேட்டேன். செயற்கைக்கோள் மேகத்தின் உச்சந்தலையைப் பார்க்கிறது; அந்த வடிவத்தை வைத்துப் புயலின் வலுவைக் கணிக்கிறார்கள். விமானம் பத்தாயிரம் அடி உயரத்தில், கண்ணைச் சுற்றி நிற்கும் மேகச் சுவரைக் கிழித்துக்கொண்டு உள்ளே போய், காற்று அடங்கித் திசை மாறும் இடத்தைத் தேடி, இதுதான் நடு என்று குறிக்கிறது. மறுபக்கம் வெளியே வந்து, வளைந்து, இன்னொரு திசையிலிருந்து மறுபடி நுழைகிறது. எட்டு மணி நேரம் இப்படி. வால் ரேடார் புயலை அடுக்கடுக்காக வெட்டிப் பார்க்கும். இன்னொரு கருவி கடலின் நுரையை வைத்துத் தரைமட்டக் காற்றைச் சொல்லும். கரை நெருங்க நெருங்கத்தான் இந்த நடை அதிகமாகும், மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை கூட நடுவைக் குறிப்பார்கள். கண் நிலத்தில் ஏறிய பிறகு பள்ளம் மேட்டில் காற்று முரடாகிவிடுவதால் விமானம் உள்ளே போகாது. நிலத்து ரேடார்கள் பார்த்துக்கொள்ளும்.

தாத்தா இதன் பிறப்பைச் சொல்லிச் சிரிப்பார். 1943 ஜூலை 27. டெக்சஸில் பயிற்சிக்கு வந்திருந்த பிரிட்டிஷ் விமானிகள், இந்தச் சின்ன ஏடி-6 பயிற்சி விமானம் எல்லாம் ஒரு விமானமா என்று கிண்டல் செய்தார்களாம். கர்னல் ஜோசப் டக்வொர்த் ரோஷப்பட்டு, கால்வெஸ்டனை நெருங்கிய புயலுக்குள் அதே விமானத்தை ஓட்டிப் போய்த் திரும்பி வந்தார். வானிலை அதிகாரி என்னை ஏன் கூப்பிடவில்லை என்று கேட்க, அவரையும் ஏற்றிக்கொண்டு அதே நாளில் இன்னொரு முறை போனார். “ஆம்பளைங்க ரோஷத்துல ஆரம்பிச்சதா?” என்றாள் அம்மா. திரும்பி வராதவர்கள் உண்டா என்றும் கேட்டாள். உண்டு. 1955இல் ஜேனட் புயலுக்குள் போன கடற்படை விமானம் பதினொரு பேரோடு காணாமலே போனது.

2024 செப்டம்பர் 26இல் ஹெலீன். நூறு மைலுக்கு அப்பால் கடலிலேயே கடந்து போன புயல் அது. ஆனாலும் விரிகுடாத் தண்ணீர் ஆறடிக்கு மேல் ஏறியது. எங்கள் வீடு தப்பியது, இரண்டு தெரு தள்ளி இடுப்பளவு. நனைந்த மெத்தை, சோபா, பெயர்த்தெடுத்த சுவர்ப்பலகை எல்லாம் வாசல் வாசலாகக் குவிந்து, ஒரு வாரத்தில் நாற்றமெடுக்க ஆரம்பித்தது. அதை அள்ளி முடிப்பதற்குள் மில்டன்.

அக்டோபர் 7, திங்கட்கிழமை. காலையிலிருந்து அந்தத் தந்திப் பக்கத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு முறை விமானம் கண்ணைக் கடக்கும்போதும் அழுத்தம் இறங்கியிருந்தது. நடுவில் அழுத்தம் குறையக் குறைய சுற்றிலும் காற்று வெறிகொள்ளும், அவ்வளவுதான் கணக்கு. மயாமித் தொலைக்காட்சியில் முப்பது வருஷமாகப் புயல் சொல்லிவந்த ஜான் மொராலெஸ், பத்து மணி நேரத்தில் 50 மில்லிபார் இறங்கிவிட்டது என்று சொல்லும்போதே குரல் உடைந்து அழுதார். பலர் அதைப் பகிர்ந்து வியந்தார்கள். எனக்கு வியப்பில்லை; அந்த எண்ணை நானும் பார்த்திருந்தேன். இரவு 8 மணிக்கு 897. காற்று மணிக்கு 180 மைல். சமையலறையில் தோசை வார்த்துக்கொண்டிருந்த இவரிடம் கைப்பேசியை நீட்டினேன். அடுப்பை அணைத்துவிட்டு, “பாஸ்போர்ட் எங்க இருக்கு?” என்றார்.

அந்தப் பொழுதில் எனக்கு உறைத்தது ஒன்றுதான். கூண்டு ஏறும்போது யாரோ எங்கோ முடிவு செய்ததை நாம் பார்க்கிறோம். இங்கே, முடிவு செய்கிறவர்கள் பார்க்கும் அதே எண்ணை நானும் சில நிமிஷத்தில் பார்க்கிறேன். அதில் பயமும் அதிகம், வழியும் தெளிவு. பி மண்டலத்துக்கு வெளியேறும் உத்தரவு வந்தது. செவ்வாய் காலை வெஸ்லி சாப்பலில் இருக்கும் ஒரு தமிழ்க் குடும்பத்தின் வீட்டுக்குக் கிளம்பினோம். வழக்கமாக முக்கால் மணி நேரம், அன்று நான்கு. வழியெல்லாம் ஹெலீனின் மெத்தைக் குவியல்கள். நாளை இதெல்லாம் பறக்கும் என்று இவர் சொன்னதைப் பையன் ஆவலோடு கேட்டுக்கொண்டான். அந்த அக்கா எங்களோடு சேர்த்து இன்னும் இரண்டு குடும்பத்துக்குப் புளியோதரை கிளறி வைத்திருந்தார். குளியல் தொட்டி நிறையத் தண்ணீர். எங்கள் வீட்டு வெண்கலக் குண்டான்கள் ஞாபகம் வந்தது.

அன்றிரவு தூக்கம் வராமல் பக்கத்தைத் திறந்தபோது, மிஸ் பிக்கி அனுப்பிய செய்தியின் கடைசியில் எண்ணாக இல்லாமல் ஒரு குறிப்பு இருந்தது. பீட்டர் டாட்ஜ், 1950–2023, சூறாவளி விஞ்ஞானி, 387ஆவது பென்னி. கண்ணுக்குள் ஒருமுறை நுழைவதை அவர்கள் பென்னி என்கிறார்கள். ரேடார் நிபுணரான டாட்ஜ் உயிரோடு இருந்தபோது 386 முறை நுழைந்தவர். பார்வை குறைந்து பறப்பதை நிறுத்த வேண்டி வந்ததாம். அவருடைய சாம்பலை ஒரு டிராப்சோண்டோடு சேர்த்து மில்டனின் கண்ணுக்குள் இறக்கியிருக்கிறார்கள் என்று பிறகு செய்தியில் வந்தது.

அம்மாவிடம் சொன்னபோது வெகுநேரம் பேசவில்லை. பிறகு, “கடல்லதான கரைச்சிருக்காங்க, நல்லதுதான்” என்றாள். அப்பாவின் அஸ்தியைத் தேவனாம்பட்டினத்தில் கரைத்த நாளை இருவரும் சொல்லிக்கொள்ளவில்லை.

புதன் இரவு எட்டரை மணிக்கு மில்டன் தெற்கே சியெஸ்டா கீயில் ஏறியது, வலு குறைந்து. நாற்பது மைல் தெற்கே இறங்கியதால் காற்று எங்கள் விரிகுடாத் தண்ணீரை வெளியே இழுத்துவிட்டது. வரப்போவதாகச் சொன்ன கடல் வரவில்லை. மழைதான் கொட்டித் தீர்த்தது. சனிக்கிழமை திரும்பினோம். தாத்தா கடைசிவரை போகவில்லையாம், வாசலில் நின்று கிளைகளை வெட்டிக்கொண்டிருந்தார். எனக்கு வந்த கோபத்தில் தமிழிலேயே திட்டினேன்.

ஏழு வாரம் கழித்து, நவம்பர் 30. இங்கே தேங்க்ஸ்கிவிங் விடுமுறையின் சனிக்கிழமைப் பகல், அங்கே இரவு. வங்கக் கடலில் ஃபெஞ்சல். இரண்டு நாளாக அது புயலாகுமா ஆகாதா என்று ஆட்டம் காட்டி, முந்தின நாள்தான் புயலாகியிருந்தது. எப்போது கரையைக் கடக்கும் என்பது தள்ளிக்கொண்டே போனது. கை தானாகத் தந்திப் பக்கத்தைத் தேடியது. வங்கக் கடலில் அப்படி வழக்கமாகப் பறக்கும் விமானம் இல்லை. செயற்கைக்கோள் படத்தில் ஒரு வெள்ளைத் திட்டு, காரைக்கால் ரேடாரில் சிவப்பும் மஞ்சளும், அவ்வளவுதான். நடு எங்கே என்று தெரியாமல் கை நடுங்கியது.

அம்மாவைக் கூப்பிட்டேன். மணி அங்கே பதினொன்றரை. கரண்ட் இல்லை.

“அம்மா, காத்து எந்தப் பக்கமிருந்து வருது?”

“சாயந்திரம் வரைக்கும் வாடைதான். இப்ப திரும்பிடுச்சு. மேக்காத்து.”

“நல்லாப் பாத்துச் சொல்லு.”

கதவைத் திறக்கும் சத்தம். மழை இரைச்சல். “பின்பக்கத் தென்ன கெழக்கால சாயுதுடி. மேக்காத்துதான்.”

காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றால் புயலின் நடு இடக்கைப் பக்கம் என்று தாத்தா சொல்லிக் கொடுத்திருக்கிறார். எங்கள் வரவேற்பறையில் எழுந்து, மேற்குக்கு முதுகு காட்டி, இடக்கையை நீட்டினேன். வடக்கு. புதுச்சேரி. கடலூரைத் தாண்டிவிட்டது.

“இப்ப கதவ சாத்திட்டு உள்ள போம்மா.”

“நீதானடி பாக்கச் சொன்ன,” என்றாள். “புடவையெல்லாம் நனைஞ்சு போச்சு.”