சலமான்கா வழியாகப் போகாதே

எனக்கு ஸ்வரம் எழுதத் தெரியாது. மனசில் ஒரு மெட்டு வந்தால் செல்போனை எடுத்து விசிலடித்துப் பதிந்து வைத்துக்கொள்வேன். பல வருஷத்துக்கு முன்னால் ஒரு பாட்டு வாத்தியாரிடம் அப்படி ஒன்றைப் போட்டுக் காட்டினேன். "முதல்ல சரளி வரிசையை ஒழுங்காப் பாடு, பாட்டு கட்றதெல்லாம் அப்புறம்" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. ஆனாலும் அன்றோடு என் மெட்டுகளை யாருக்கும் போட்டுக் காட்டுவதை நிறுத்திவிட்டேன்.

அதனால்தானோ என்னவோ, ஹோசே ஆல்ஃபிரடோ ஹிமெனெஸின் கதை என்னை அப்படியே பிடித்துக்கொண்டது. மெக்சிகோவின் நாட்டுப்புற வகையான ராஞ்செரா பாட்டென்றால் முதலில் வருகிற பெயர் அவருடையது. அவருக்கு எந்த வாத்தியமும் வாசிக்க வராது. தன் பாட்டு எந்தச் சுருதியில் இருக்கிறது என்றுகூடச் சொல்லத் தெரியாது. விசிலடித்துக் காட்டுவார், பாடிக் காட்டுவார். மரியாச்சி வார்காஸ் என்கிற மெக்சிகோ வாத்தியக் குழுவின் வயலின் கலைஞர் ரூபென் ஃபுவென்தெஸ் அதைக் கேட்டு எழுதிக்கொண்டு, வயலினும் டிரம்பெட்டும் சேர்த்து இசை அமைப்பார். அந்த மெட்டு விசிலாக மட்டும் இருந்த கொஞ்ச நேரத்தை நினைத்துப் பார்க்கிறேன். கேட்பதற்கு ஒரே ஒரு ஆள். ஆனால் சரியான ஆள்.

1926 ஜனவரி 19 அன்று குவானாஹுவாதோ மாநிலத்தின் தொலோரெஸ் இதால்கோவில் பிறந்தவர். 1810-இல் மெக்சிகோவின் விடுதலைக் குரல் எழுந்த அதே ஊர். அப்பா மருந்துக்கடை வைத்திருந்தார். சிறு வயதிலேயே அப்பா இறந்துபோக, குடும்பம் மெக்சிகோ நகரத்துக்குக் குடிபெயர்ந்தது. அங்கே ஓட்டலில் சர்வர் வேலை, கால்பந்தில் கோல்கீப்பர். 1950-இல் ஆந்த்ரெஸ் உவெஸ்கா பாடிய 'யோ' என்கிற பாட்டு எடுபட்டது. அதற்குப் பிறகு அவர் பேர் சொல்லாத குடிக்கூடமே இல்லை.

பலரும் 'எல் ரெய்' பாட்டைத்தான் சொல்வார்கள். சிம்மாசனமும் ராணியும் இல்லாத ஒருவன் தன்னை ராஜா என்கிற பாட்டு. எனக்கு அதைவிட 'கமினோஸ் தெ குவானாஹுவாதோ' (குவானாஹுவாதோவின் சாலைகள்) ஒரு படி மேல். வாழ்க்கைக்கு ஒரு மதிப்பும் இல்லை, அழுகையில் தொடங்கி அழுகையில் முடிகிறது என்று எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிட்டு, பாட்டு பாட்டுக்கு ஊர் ஊராகக் கிளம்பிவிடுகிறது. லெயோன் ஊரின் திருவிழாவும் அங்கே நடக்கும் சூதாட்டமும் முதலில் வருகின்றன. பிறகு அந்த மாநிலத்துச் சாலையைப் பார்த்தே கெஞ்சுகிறார்: எத்தனையோ ஊர் வழியாகப் போகிறாய், சலமான்கா பக்கம் மட்டும் போகாதே, ஒற்றையடிப் பாதையில் சுற்றிக்கொண்டு போ.

முதல் தடவை கேட்டபோது ஏதோ காதல் தோல்வி என்று நினைத்துக்கொண்டேன். அவருடைய சகோதரர் இறந்துபோனது அந்த ஊரில். அது தெரிந்த பிறகு அந்த இடம் வரும்போதெல்லாம் கையில் இருக்கிற வேலை நின்றுவிடுகிறது. செத்தவரின் பெயர் இல்லை, ஒருவர் செத்துப்போனார் என்ற பேச்சுகூட அங்கே இல்லை. ஊர்ப் பெயர் மட்டும்தான். துக்கம் இருக்கிற வீட்டில் சில பேச்சை எடுக்காமல் சுற்றிப் போவோமே, அதேதான்.

அவரது குடி பற்றி நிறையவே எழுதியிருக்கிறார்கள், நான் சேர்க்க ஒன்றுமில்லை. ஈரல் கெட்டு, 1973 நவம்பர் 23 அன்று 47 வயதில் போய்விட்டார்.

அந்தப் பாட்டின் கடைசியில் சாலை சாந்தா ரோசா மலை ஏறுகிறது. ஒரு குன்றைத் தாண்டினால் தொலோரெஸ் இதால்கோ தெரிகிறது. அதுதான் என் ஊர், நான் அங்கேயே தங்கிவிடுகிறேன் என்று பாடி முடிக்கிறார். அவர் கல்லறை அங்கேதான் இருக்கிறது. பெரிய சொம்பிரேரோ தொப்பி ஒன்று, அதிலிருந்து விரிந்து கிடக்கும் வண்ணப் போர்வை போல ஒரு நீளச் சுவர், அதில் பட்டை பட்டையாக அவர் பாட்டுகளின் பெயர்கள்.