கடைசி வரிசையில் நின்ற ஐயா

எட்டாம் வகுப்பில் பேச்சுப் போட்டிக்குப் பெயர் கொடுத்தேன். பேச்சு முழுக்க மனப்பாடம். ஆனால் மேடையில் ஏறியதும் கையிலிருந்த தாள் நடுங்கி, அந்தச் சரசரப்பு ஒலிவாங்கியில் பெரிதாகக் கேட்டது. அதைக் கேட்டு இன்னும் பயந்துபோய், ஐந்து நிமிடப் பேச்சை இரண்டே நிமிடத்தில் கொட்டிவிட்டு இறங்கினேன்.

மறுநாள் தமிழ் ஐயா கூப்பிட்டார். திட்டுவார் என்றுதான் போனேன். அவரோ ஆளில்லாத மண்டபத்தில் என்னை மேடையேற்றிவிட்டு, கடைசி வரிசைக்குப் போய் நின்றுகொண்டார். "ஒலிவாங்கி வேண்டாம். நேற்று என்ன செய்தாய் என்று சொல்லு." பள்ளி விட்டதும் நூலகத்துக்குப் போனேன் என்றேன்.

"போனாயா, போகவில்லையா?" என்று அங்கிருந்து கேட்டார்.

என் பிழை அந்தக் கேள்வியில்தான் எனக்குப் பிடிபட்டது. தமிழில் வினைமுற்று பெரும்பாலும் வாக்கியத்தின் கடைசியில் வருகிறது. பதற்றத்தில் பேசுபவருக்கு மூச்சு தீர்வதும் அங்கேதான். செய்தோமா, செய்யவில்லையா, செய்யப்போகிறோமா என்பதெல்லாம் அந்தக் கடைசிச் சொல்லில் இருக்க, அதையே விழுங்கிவிடுகிறோம். ஐயா என் பேச்சை வாங்கி, 'என்பதனால்', 'ஆகையினால்' என்று நான் கோத்து வைத்திருந்த ஒரு நீண்ட வாக்கியத்தைப் பென்சிலால் நாலாக வெட்டினார். மூச்சு மிச்சமிருக்கும்போதே முடித்துவிடு, அடுத்ததற்கு முன் வாயை மூடி மூக்கால் இழு என்றார். தாளையும் பறித்துக்கொண்டு, உள்ளங்கை அளவு தடித்த அட்டை ஒன்று தந்தார். அதில் ஐந்து சொற்கள் மட்டும். கை நடுங்கினாலும் அட்டை சத்தம் போடாது.

பயத்துக்கு அவர் சொன்ன மருந்து திருக்குறளின் அதிகார வரிசை. 72ஆவது அவையறிதல், அதன் பிறகுதான் 73ஆவது அவையஞ்சாமை. "எதிரே இருப்பது யார், அவர்களுக்கு என்ன வேண்டும் என்று முதலில் பார். அப்புறம் பயத்தைப் பற்றி யோசிக்கலாம்." இன்றும் கூட்டத்துக்குச் சற்று முன்னதாகவே போய், வருகிறவர்களோடு இரண்டு வார்த்தை பேசிவிட்டுத்தான் மேடையேறுகிறேன்.

வெளிநாடு வந்தபின், 1924இல் தொடங்கிய, மேடைப்பேச்சுப் பயிற்சி தரும் டோஸ்ட்மாஸ்டர்ஸ் அமைப்பின் கிளை ஒன்றில் சேர்ந்தேன். ஐந்து முதல் ஏழு நிமிடப் பேச்சுக்கு, ஐந்தில் பச்சை, ஆறில் மஞ்சள், ஏழில் சிவப்பு விளக்கு. நாம் இடையில் போடும் 'ஆ', 'ம்' எல்லாவற்றையும் எண்ணவே ஒருவர் இருப்பார். ஆங்கிலத்தில் வினைச்சொல் முன்னாலேயே வந்துவிடும், சரி. ஆனாலும் வாக்கியத்தின் வாலை அங்கேயும் பலர் விழுங்கத்தான் செய்கிறார்கள். ஐயாவின் பாடம் இரண்டு மொழிக்கும் பொருந்துகிறது.

நம் சங்க ஒன்றுகூடல்களில் பிள்ளைகள் ஆசையாக எழுதிவந்து, ஒலிவாங்கியின் முன் வேகமாக வாசித்துவிட்டு ஓடுவதைப் பார்க்கும்போது மனசு கேட்பதில்லை. அடுத்த ஒன்றுகூடலில் பேச இருப்பவர்கள் அரை மணி நேரம் முன்னதாக வாருங்கள். கடைசி வரிசையில் நான் நிற்பேன். அட்டைகளும் கொண்டுவருகிறேன்.